கிரிப்டோ சாவியும் வெற்றுப் பத்திரமும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கிரிப்டோ வாங்குங்கள் என்று சொல்லும் பதிவு இல்லை. வாங்காதீர்கள் என்று சொல்லும் பதிவும் இல்லை. பெங்களூர், பூனா, ஹைதராபாத், நொய்டா என்று பிழைக்க வந்த நம் ஆட்கள் சிலர் வீட்டில் கொஞ்சம் பிட்காயினோ ஈதரோ இருக்கத்தான் செய்கிறது. அதில் கொஞ்சம் விவரமானவர்கள் 'ஹார்டுவேர் வாலட்' என்று பென் டிரைவ் மாதிரி ஒரு சாதனத்தை வாங்கி பீரோவுக்குள் வைத்திருக்கிறார்கள். "அதான் வாங்கியாச்சே, இனிமே என்ன பயம்?" என்பது அவர்கள் நினைப்பு. அந்த நினைப்பு பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி தப்பு என்று புரிய வேண்டுமானால், இந்தச் சாதனம் எதற்காக வந்தது, எப்படி வந்தது என்ற கதை தெரிய வேண்டும். கொஞ்சம் நீளமான கதைதான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சாவி என்பது என்ன?

பழங்கால ரகசிய எழுத்துகளில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவிதான். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முன்கூட்டியே அந்தச் சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர், ஊருக்கே சொல்லக்கூடிய ஒரு சாவி, நமக்கு மட்டும் தெரிந்த இன்னொரு சாவி என்று ஜோடியாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். ரகசியச் சாவியால் நான் போட்ட கையெழுத்தை, பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் என் கையெழுத்தை வேறு யாரும் போட முடியாது. அடுத்த வருடமே எம்.ஐ.டி.யில் மூன்று பேர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1985-ல் நீள்வட்ட வளைவுக் கணிதம் வந்து சாவியின் அளவைச் சிறிதாக்கியது.

இதையெல்லாம் எடுத்துக் கோத்துத்தான் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதிய ஆசாமி (யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது) 2008 அக்டோபர் 31 அன்று பிட்காயின் கட்டுரையை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கோடு அது ஓட ஆரம்பித்தது.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாணயம் உங்கள் கணினியிலும் இல்லை, பீரோவில் இருக்கும் சாதனத்திலும் இல்லை. உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரி இருக்கும் ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது, அந்தப் பேரேட்டில் உங்கள் கணக்கிலிருந்து இன்னொருவருக்கு மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும்தான். அந்த உரிமை ஒரு எண். 256 பிட் நீளம், எழுதினால் 78 இலக்கம் வரை போகும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. மேனேஜரிடம் போய் அழ முடியாது. மேனேஜரே கிடையாது.

ஃபைலும் கடையும்

ஆரம்ப காலத்தில் இந்த எண் சாதாரணக் கணினியில் ஒரு ஃபைலாகக் கிடந்தது. ஃபைலை யாராவது காப்பி அடித்தால் தீர்ந்தது. 2011 ஜூனில் ஒரு பயனரின் விண்டோஸ் கணினியிலிருந்து 25,000 பிட்காயின் போனது. அன்றைய விலைக்கே சுமார் 5 லட்சம் டாலர்.

திருடன் வராவிட்டாலும் ஆபத்துதான். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில், நியூபோர்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் பழைய ஹார்ட் டிஸ்க் 2013-ல் குப்பைக்குப் போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட விடுங்கள் என்று நகராட்சியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது.

"இந்த வம்பே வேண்டாம், யாராவது கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று எக்ஸ்சேஞ்சில் போட்டு வைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் படுத்துவிட்டது. 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். பிறகு ஒரு பழைய வாலட்டில் 2,00,000 கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

வீட்டில் வைத்தால் கணினி ஆபத்து, கடையில் வைத்தால் கடைக்காரர் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் நம் சாதனம்.

சிம் கார்டின் சொந்தக்காரன்

இதன் தாத்தா ஒரு பிரெஞ்சுக்காரர். 1974-ல் ரோலாண் மொரேனோ என்பவர் அட்டைக்குள் சிப் வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு அந்த சிப்புக்குள் சின்னக் கணினியே வந்து உட்கார்ந்தது. அங்கேதான் பெரிய மாற்றம். ரகசியம் அட்டையை விட்டு வெளியே வரவே வராது. நீங்கள் கணக்கை உள்ளே அனுப்பலாம், விடை மட்டும் வெளியே வரும். உங்கள் செல்போன் சிம் இப்படித்தான் வேலை செய்கிறது. கம்பெனி ஒரு எண்ணை அனுப்பும், சிம் தன்னுள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு பதில் சொல்லும். ரகசியம் உங்கள் போனுக்கே தெரியாது. ஏ.டி.எம். அட்டையில் பளபளக்கும் சதுரமும் இதே ஜாதிதான்.

இந்த யோசனையை பிட்காயினுக்குக் கொண்டுவந்தவர்கள் செக் நாட்டு ப்ராக் நகரத்துக்காரர்கள். சதோஷிலேப்ஸ் என்ற அவர்கள் கம்பெனியின் ட்ரெஸர் 2014-ல் வாடிக்கையாளர்கள் கைக்கு வந்தது. ட்ரெஸர் என்றால் செக் மொழியில் பெட்டகம். அதே வருடம் பிரான்ஸில் லெட்ஜர் கம்பெனி ஆரம்பித்தது. 2016-ல் நானோ எஸ் என்ற சின்ன சாதனத்தைக் கொண்டுவந்தார்கள். லெட்ஜர் வங்கி அட்டை வகைப் பாதுகாப்பு சிப்பை நம்பியது. ட்ரெஸர், நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைப்பதை நம்பியது. எது சிறந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

ஏ.டி.எம். அட்டையில் இல்லாத ஒன்று இரண்டிலும் இருந்தது. ஒரு குட்டித் திரையும் பொத்தான்களும். எவ்வளவு, யாருக்கு என்பதைச் சாதனமே தன் திரையில் காட்டும். நீங்கள் பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் கையெழுத்து. கணினியில் வைரஸ் இருந்தாலும் அந்தக் குட்டித் திரையில் அது கை வைக்க முடியாது. இந்தத் திரையை நினைவில் வையுங்கள். கதையின் பின்பாதியில் இதுதான் முக்கியம்.

24 வார்த்தை

சாதனம் உடைந்தால் என்ன செய்வது? 78 இலக்க எண்ணை யாரால் பிழையில்லாமல் எழுதி வைக்க முடியும்? அதற்கு 2013-ல் ஒரு வழி எழுதினார்கள். 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியல். அதிலிருந்து 12 அல்லது 24 வார்த்தைகள், வரிசை மாறாமல். கடைசி வார்த்தைக்குள் ஒரு சரிபார்ப்பும் ஒளிந்திருக்கிறது, வார்த்தை மாறிப்போனால் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தை வைத்தே வார்த்தையைக் கண்டுபிடித்துவிடலாம். ஜப்பானிய, கொரிய, செக் மொழிகளுக்கெல்லாம் அதிகாரபூர்வப் பட்டியல் இருக்கிறது. தமிழுக்கு இல்லை. நாம் ஆங்கிலத்தில்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஆக, அந்தக் காகிதம்தான் உண்மையான சொத்து. சாதனம் தொலைந்தால் வேறொன்று வாங்கி, வார்த்தைகளை அதில் கொடுத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். காகிதம் அடுத்தவன் கையில் கிடைத்தால், சாதனம் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கும்போதே பணம் போய்விடும்.

பிரவுசருக்குள் வந்த நரி

2015 ஜூலையில் எத்திரியம் ஓட ஆரம்பித்தது. இதில் பணம் அனுப்புவதோடு, ஒப்பந்தங்களையே நிரலாக எழுதி ஓட விடலாம். அந்த ஒப்பந்தங்களோடு பேச ஒரு வலைப்பக்கம் வேண்டும். வலைப்பக்கத்துக்கும் உங்கள் சாவிக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டும். 2016-ல் மெட்டாமாஸ்க் என்ற எக்ஸ்டென்ஷன் வந்தது. பிரவுசரின் ஓரத்தில் நரி முகத்தோடு உட்கார்ந்திருக்குமே, அதுதான். ஆனால் அது தானாக உருவாக்கும் சாவி, கடவுச்சொல் போட்டுப் பூட்டப்பட்டிருந்தாலும், இணையத்தோடு இணைந்திருக்கும் அதே கணினியில்தான் இருக்கும். 2011-ல் பார்த்த ஃபைல் ஆபத்து வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

வலைப்பக்கத்தை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2018 ஏப்ரல் 24 ஒரு பாடம். மைஈதர்வாலட் என்ற தளத்தின் முகவரியைச் சரியாகவே தட்டினாலும், இணையத்தின் வழிகாட்டிப் பலகையைத் திருடர்கள் சில மணி நேரம் திருப்பி வைத்திருந்ததால், ஆட்கள் போலித் தளத்துக்குப் போனார்கள். "இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை" என்று பிரவுசர் எச்சரித்தது. அதைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ச் சாவியைத் தட்டியவர்களிடமிருந்து சுமார் 1,50,000 டாலர் போனது.

அதே வருடம் மெட்டாமாஸ்கோடு ட்ரெஸரையும் லெட்ஜரையும் இணைக்க வழி வந்தது. அதற்குப் பிறகு வேலை இப்படிப் பிரிந்தது: நரி என்பது ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். சாதனம் என்பது கையெழுத்துப் போடும் நீங்கள். எழுதுகிறவரிடம் உங்கள் சாவி இல்லை.

சாவியைத் திருட முடியாது என்றதும் திருடர்கள் வார்த்தைகளைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். லெட்ஜர், ட்ரெஸர், மெட்டாமாஸ்க் என்று பெயர் போட்டுக்கொண்டு வார்த்தைகளைக் கறந்த 49 போலி எக்ஸ்டென்ஷன்களை 2020 ஏப்ரலில் கூகிள் தூக்கியெறிந்தது. அதே வருடம் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் திருடுபோனது. சுமார் 10 லட்சம் மின்னஞ்சல்கள், அதில் சுமார் 2.7 லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பரோடு டிசம்பரில் வெளியே வந்தது. 2021-ல் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போலிச் சாதனமே பார்சலில் வந்தது. "பழையது பாதுகாப்பில்லை, இதில் உங்கள் வார்த்தைகளைக் கொடுங்கள்" என்று கடிதமும் சேர்த்து!

வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு

இப்போது அந்தத் தப்பான பாதிக்கு வருவோம். நம் ஊர்ப்பக்கம் வட்டிக்கடைக்காரர் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, பிறகு நிலத்தையே எழுதிக்கொண்ட கதைகள் கேட்டிருப்பீர்கள். கட்டைவிரலை யாரும் வெட்டிக்கொண்டு போகவில்லை. விரல் பத்திரமாகத்தான் இருந்தது, நிலம்தான் போனது.

எத்திரியம் ஒப்பந்தங்கள் சிக்கலானவை. குட்டித் திரையில் "ராமசாமிக்கு 2 ஈதர்" என்று தெளிவாகக் காட்ட முடியாதபோது, சாதனம் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரத்தைக் காட்டி "சம்மதமா?" என்று கேட்கும். இதற்குப் பெயரே கண்மூடிக் கையெழுத்து. மக்கள் கணினித் திரையில் இருப்பதைப் படித்துவிட்டு, சாதனத்தில் பொத்தானை அழுத்தினார்கள். திருடர்கள் கணினித் திரையை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 14: பல தளங்கள் சாதனத்தை இணைக்கப் பயன்படுத்திய லெட்ஜரின் ஒரு நிரல் துண்டில், முன்னாள் ஊழியர் ஒருவரின் கணக்கு வழியாகத் திருட்டு நிரலை நுழைத்தார்கள். சில மணி நேரத்தில் சுமார் 6 லட்சம் டாலர் போனது. சாதனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2024 ஜூலை 18: நம் நாட்டு வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். அந்த வாலட்டுக்கு ஆறு கையெழுத்துக்காரர்கள். ஐந்து பேர் வாசிர்எக்ஸ், ஒருவர் லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனம். பேங்க் லாக்கருக்கு உங்கள் சாவியும் வேண்டும், பேங்க்காரர் சாவியும் வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. வாசிர்எக்ஸ் தரப்பில் ஹார்டுவேர் வாலட்டும் இருந்தது. திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்றது வாசிர்எக்ஸ். எங்கள் பக்கம் ஓட்டை இல்லை என்றது லிமினல். வட கொரியாக்காரர்கள் வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து அறிவித்தன.

2025 பிப்ரவரி 21: பைபிட் எக்ஸ்சேஞ்ச். சுமார் 4 லட்சம் ஈதர், மதிப்பு ஏறக்குறைய 150 கோடி டாலர். கிரிப்டோ சரித்திரத்தில் அதுவரை இவ்வளவு பெரிய திருட்டு நடந்ததில்லை. அவர்கள் பயன்படுத்திய வாலட் தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரின் கணினி வழியாக அந்த வலைப்பக்கத்தின் நிரலையே மாற்றியிருந்தார்கள். வழக்கமான பரிமாற்றம் போலத் திரையில் தெரிந்தது. பல பேர், பல சாதனம், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து பெட்டகத்தின் பொறுப்பையே திருடனுக்கு மாற்றிக் கொடுத்தது.

சாதனம் விரலைக் காப்பாற்றும். பத்திரத்தைப் படிப்பது நம் வேலை.

வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

இத்தனை வருடக் கதையும் கடைசியில் சில பழக்கங்களில் வந்து நிற்கிறது.

1. சாதனத்தைத் தயாரித்த கம்பெனியிடமோ, அது தன் தளத்தில் குறிப்பிடும் விற்பனையாளரிடமோ வாங்குங்கள். பழையது வேண்டாம். பெட்டிக்குள் ஏற்கெனவே வார்த்தைகள் எழுதிய அட்டை இருந்தால் அது மோசடி. வார்த்தைகள் உங்கள் கண்முன் சாதனத்தின் திரையில்தான் பிறக்க வேண்டும்.

2. வார்த்தைகளைக் காகிதத்தில் கையால் எழுதுங்கள். போட்டோ வேண்டாம், வாட்ஸப் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். பணம் போடும் முன்பே ஒரு முறை சாதனத்தை அழித்து, காகிதத்தை வைத்து மீட்டுப் பாருங்கள்.

3. மெட்டாமாஸ்க் போன்ற எக்ஸ்டென்ஷனை முதலில் நிறுவும்போது அது தனக்கென்று வேறு வார்த்தைகளை உருவாக்கும். அந்தக் கணக்கு சாதனத்தின் பாதுகாப்பில் இல்லை. 'ஹார்டுவேர் வாலட்டை இணை' என்ற வழியில் சேர்க்கும் கணக்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு. இதைத் தெரியாமல், சாதனத்தின் 24 வார்த்தைகளை எக்ஸ்டென்ஷனில் தட்டி 'இறக்குமதி' செய்தால், சாதனம் வாங்கிய காசு தண்டம். அந்த வார்த்தைகளைக் கீபோர்டில் தட்டச் சொல்லும் எந்தப் பக்கமும், எந்த ஆளும் திருடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. இதற்கென்று பிரவுசரில் தனி ப்ரொஃபைல் வையுங்கள். வேறு எக்ஸ்டென்ஷன் எதுவும் அதில் வேண்டாம். தளங்களைத் தேடுபொறி விளம்பரத்திலிருந்து திறக்காமல், புக்மார்க்கிலிருந்து திறங்கள். ஆபீஸ் லேப்டாப் இதற்கு வேண்டாம்.

5. பணம் பெறும்போதும் அனுப்பும்போதும் முகவரியைச் சாதனத்தின் திரையில் முழுதாகப் படியுங்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து மட்டும் பார்ப்பவர்களைக் குறிவைத்தே அதேபோல் தெரியும் முகவரிகளை உங்கள் பட்டியலில் நுழைப்பார்கள். பெரிய தொகைக்கு முன் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள்.

6. கண்மூடிக் கையெழுத்து வசதியை அணைத்தே வையுங்கள். சாதனம் காட்டுவது புரியவில்லை என்றால் 'வேண்டாம்' பொத்தான் இருக்கிறது.

7. ஒப்பந்தங்களுக்குக் கொடுக்கும் செலவு அனுமதி, பேங்கில் ஆட்டோ டெபிட்டுக்குக் கையெழுத்துப் போடுவது மாதிரி. நீங்களாக ரத்து செய்யும்வரை உயிரோடு இருக்கும். எல்லையில்லாத தொகைக்குக் கொடுக்காதீர்கள், பழையவற்றை ரத்து செய்யுங்கள்.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. 2018 டிசம்பரில் கனடாவின் குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். வயது 30. சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்றார்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் திகைத்து நின்றார்கள். அவர் முன்பே மோசடி செய்து பணத்தைக் காலி செய்திருந்தார் என்று 2020-ல் ஒண்டாரியோ அதிகாரிகள் கண்டுபிடித்துச் சொன்னது வேறு கதை. ஆனால் 'அவருக்கு மட்டும்தான் தெரியும்' என்பதை எல்லோரும் சட்டென்று நம்பினார்கள் பாருங்கள், அதுதான் நமக்கான விஷயம். ஏனென்றால் நம் வீடுகளில் அதுதான் நிலைமை.

நாம் ஒரு ஊரில், அப்பா அம்மா ஒரு ஊரில், கூடப்பிறந்தவர்கள் இன்னொரு ஊரில். பேங்க் கணக்குக்கு நாமினி இருக்கிறார். எல்.ஐ.சி. பாலிசிக்கு இருக்கிறார். பீரோவில் கிடக்கும் அந்தக் குட்டிச் சாதனத்துக்கு நாமினி கிடையாது. லெட்ஜரில் மூன்று முறை பின் நம்பரைத் தப்பாகப் போட்டால் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். வார்த்தைகள் எழுதிய காகிதத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டால் முடிந்தது.

சட்டம் இப்போது ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 2018-ல் ரிசர்வ் வங்கி போட்ட தடையை உச்சநீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. 2022-லிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி, பரிமாற்றத்துக்கு 1 சதவீதம் டி.டி.எஸ். 2025 அக்டோபரில் நம் சென்னை உயர்நீதிமன்றம், வாசிர்எக்ஸில் பணம் மாட்டிக்கொண்ட ஒருவரின் வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று தெளிவாகச் சொன்னது. சொத்து என்றால் வாரிசுக்கு உரிமை உண்டு. ஆனால் சாவி இல்லாத வாரிசுக்கு எந்த நீதிமன்றமும் அந்த 24 வார்த்தையை உருவாக்கித் தர முடியாது.

அதனால் வீட்டுக்காரம்மாவையோ வீட்டுக்காரரையோ உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன இருக்கிறது, சாதனம் எங்கே, காகிதம் எங்கே, வரிக் கணக்கு எங்கே, அவசரம் என்றால் முதலில் யாரிடம் கேட்பது, யார் வந்து கேட்டாலும் எதைச் சொல்லக்கூடாது. வார்த்தைகளை அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம், இருக்கும் இடத்தை மட்டும் சொன்னால் போதும். காகிதத்தின் இன்னொரு பிரதியை ஊரில் ஒரு பேங்க் லாக்கரில் வைக்கலாம். லீவுக்குப் போகும்போது ஒரு முறை எடுத்துப் பார்த்து, மை அழியாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் 24 வார்த்தையை என்னிடம்கூடச் சொல்லாதீர்கள், சொல்லிட்டேன்!